“அவர் ஹீரோதானே அம்மா?” – மகன் கேட்ட கேள்வியும் ஒரு பழைய துப்பறியும் கார்ட்டூனும்

கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

இவருக்கு ஒன்பது வயதில் மகன், ஆறு வயதில் மகள். கணவர் ஒரு கராஜ் சேலில் பழைய அமெரிக்கத் துப்பறியும் கார்ட்டூன் டிவிடிக்களை வாங்கி வந்திருக்கிறார். அடிதடி, ஓட்டம், வழுக்கி விழுதல் என்று ஒரே கலகலப்பு. அதில் 1961இல் வந்த ‘டிக் ட்ரேசி ஷோ’ மகனுக்கு உயிர். அதில் வரும் ஜோ ஜிட்ஸு என்ற ஜப்பானியத் துப்பறிவாளர் பேசுவதுபோலவே பேசிக் காட்டுவானாம். நவராத்திரிக்கு வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பேசிக் காட்டியபோது எல்லாரும் கை தட்டிச் சிரித்திருக்கிறார்கள். சில வாரம் கழித்துப் பள்ளியில் மதிய உணவு வரிசையில், சீன வம்சாவளிச் சிறுவன் ஒருவனிடம் கண்களை இழுத்துக்கொண்டு அதே குரலில் பேசியிருக்கிறான். அந்தச் சிறுவன் சாப்பிடாமல் போய் உட்கார்ந்துவிட்டான். ஆசிரியை போன் செய்தார். மறுநாள் முதல்வரும் கூப்பிட்டுப் பேசினார்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை. “இது ஒரு கார்ட்டூன். அந்தக் காலத்தில் யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. 1961லேயே ஒரு ஜப்பானியரையும் மெக்ஸிகரையும் போலீஸாகக் காட்டியிருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டாமா? நாமே பிரவுன், நம் பிள்ளை எப்படி இனவெறியன் ஆவான்? அவனை ‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூனில் வரும் இந்தியர் ‘அப்பு’வின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்தபோது எந்த டீச்சரும் போன் பண்ணவில்லையே” என்பது கணவரின் வாதம். மகன் கேட்டது ஒரே கேள்வி: “ஜோ ஜிட்ஸு ஹீரோதானே அம்மா? ஹீரோ மாதிரி பேசினா என்ன தப்பு?” தாயின் கேள்விகள் மூன்று. டிவிடிக்களைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா? பள்ளிப் பதிவில் இது நிலைத்துவிடுமா? “இதுல என்னை மாதிரி யாருமே இல்லையே” என்று கேட்கும் மகளுக்காக, ‘ஸ்கூபி-டூ’ கார்ட்டூனின் துப்பறியும் பெண் வெல்மா இந்தியப் பெண்ணாக வரும் புதிய தொடரைக் காட்டலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மகனின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது தப்பிக்கக் கேட்ட கேள்வியாக எனக்குத் தெரியவில்லை. தான் பார்த்ததை வைத்து நியாயமாகத்தான் கேட்கிறான். ஜோ ஜிட்ஸு திருடர்களைப் பிடிக்கிறார், ஜெயிக்கிறார், நல்லவர். அப்படியிருக்க, அவரைப் போலப் பேசினால் ஒருவன் ஏன் சாப்பிடாமல் போய் உட்கார வேண்டும்? இதற்குப் பதில் சொல்லாமல் “இனிமேல் அப்படிப் பேசாதே” என்று மட்டும் சொன்னால், மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்வான்.

அந்தத் தொடரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். யூ.பி.ஏ. நிறுவனம் எடுத்தது, ஐந்தைந்து நிமிடத்தில் 130 கதைகள். டிக் ட்ரேசி அலுவலகத்தில் உட்கார்ந்து வழக்கை வாங்குவார், கைக்கடிகார ரேடியோவில் உதவியாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஒப்படைப்பார். அதோடு அவர் வேலை ஏறக்குறைய முடிந்தது. உதை வாங்குவதும் ஓடுவதும் விழுவதும் உதவியாளர்கள்தான். ஹெம்லாக் ஹோம்ஸ் என்ற நாய், ஹீப் ஓ கேலரி என்ற குண்டுப் போலீஸ்காரர், ஜோ ஜிட்ஸு, கோ-கோ கோமஸ் என்ற மெக்ஸிகர். பெண் ஒருத்தியும் கிடையாது. கண்ணியமாக, நேராக, யாரும் சிரிக்க முடியாதபடி வரையப்பட்டிருப்பவர் டிக் ட்ரேசி மட்டும்தான்.

ஸ்லாப்ஸ்டிக், அதாவது அடித்து விழுந்து சிரிக்க வைக்கும் நகைச்சுவை என்றால் எல்லாரும் விழத்தான் வேண்டும். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குழந்தைகள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பதை நான் விரும்புகிறவள். நான் பார்ப்பது வேறொன்று. ஒருவர் செய்த காரியத்தால் சிரிப்பு வருகிறதா, அவர் பிறந்த இனத்தால் சிரிப்பு வருகிறதா? 1983இல் வந்த ‘இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்’ தொடரில், தொப்பியிலிருந்து ஒரு கருவியைக் கேட்டால் வேறொன்று வந்து அவர் மண்டையிலேயே அடிக்கும். சிரிப்பு அவருடைய அசட்டுத்தனத்துக்கு. ஜோ ஜிட்ஸு நிற்கும்போதே, எதுவும் செய்வதற்கு முன்பே, சிரிக்க வைக்கும்படி வரைந்திருக்கிறார்கள். தடித்த கண்ணாடி, துருத்திய பல், ‘ர’வும் ‘ல’வும் இடம் மாறிய ஆங்கிலம், திருடனைத் தூக்கிச் சுழற்றித் தரையில் அடித்துக்கொண்டே கேட்கும் பணிவான மன்னிப்பு. அந்தப் பல்லும் கண்ணாடியும் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரசாரப் படங்களில் ஜப்பானியரை எதிரியாகக் காட்ட வரையப்பட்டவை. அதே போர்க் காலத்தில்தான் அமெரிக்காவில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1961இல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளின் அப்பா, அம்மா அந்த முகாமிலிருந்து வந்தவர்கள்.

உங்கள் மகன் பள்ளிக்கு எதை எடுத்துப் போனான் என்று பாருங்கள். ஜோ ஜிட்ஸுவின் துணிச்சலையோ திருடனைப் பிடிக்கும் சாமர்த்தியத்தையோ அவன் நடித்துக் காட்டவில்லை. குரலை எடுத்துப் போனான். அது ஜப்பானியரைக் கிண்டல் செய்யும் குரல், எதிரில் நின்றதோ சீன வம்சாவளிப் பையன். அவனுக்கு அந்த வேறுபாடுகூடத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தக் கேலிக்கும் அந்த வேறுபாடு தேவைப்பட்டதில்லை.

இன்னொன்றை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அந்தக் குரலுக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று அவனுக்கு முதலில் சொன்னது உங்கள் கூடம். கொலு முன்னால் பெரியவர்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பை எதிர்பார்த்துத்தான் உணவு வரிசையிலும் பேசியிருப்பான். சேட்டு பேசும் தமிழ், மலையாளி டீக்கடைக்காரர் பேசும் தமிழ் என்று வந்தாலே சிரித்துப் பழகிய காது நம்முடையது. அன்று கூடத்தில் இருந்தவர்களில் ஒருவரோ நீங்களோ இப்போதாவது அவனிடம், “நாங்க சிரிச்சிருக்கக் கூடாதுடா” என்று சொல்ல வேண்டும். தண்டனை முழுவதையும் அவன் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை.

உங்கள் கணவரின் வாதங்கள்

அவர் கோபத்தில் ஒரு பாதி நியாயம். அதற்குக் கடைசியில் வருகிறேன். மற்ற பாதியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

“அந்தக் காலத்தில் யாரும் தப்பாக நினைக்கவில்லை” என்பது உண்மையில்லை. இதே யூ.பி.ஏ. நிறுவனம்தான் 1946இல், ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்துக்காக, எல்லா இனமும் சமம் என்று சொல்லும் ‘பிரதர்ஹுட் ஆஃப் மேன்’ என்ற கார்ட்டூனை எடுத்தது. மனிதர்களைக் கேவலப்படுத்தாமல் எப்படி வரைவது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்த விஷயம். பதினைந்து வருஷம் கழித்து, 1960இல் உரிமை கைமாறியபின், மலிவாகவும் வேகமாகவும் டிவிக்கு எடுத்துத் தள்ளியபோதுதான் ஜோ ஜிட்ஸு வந்தார். இந்தக் கேலியை யாரும் தட்டிக் கேட்காமலும் இல்லை. 1990இல் டிஸ்னி டிக் ட்ரேசி திரைப்படத்தை வெளியிட்ட சமயம் இந்தப் பழைய கார்ட்டூன்களும் மறுபடி டிவிக்கு வந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் ஆசிய அமெரிக்கர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; ஒளிபரப்பு நின்றது.

உள்ளேயிருந்தே போராடியவர்களும் உண்டு. 1970இல் ஹன்னா-பார்பெரா கார்ட்டூன் நிறுவனம் ‘ஜோசி அண்ட் தி புஸ்ஸிகேட்ஸ்’ தொடருக்காக மூன்று பாடகிகளைத் தேடியது. இசைப் பொறுப்பில் இருந்த டேனி ஜான்சன் தேர்ந்தெடுத்தவர்களில் பட்ரீஸ் ஹாலோவே என்ற கறுப்பினப் பெண்ணும் ஒருவர். மூவரும் வெள்ளையராக இருக்கட்டும், அவரை மாற்று என்று நிறுவனம் சொன்னது. ஜான்சன் மாற்ற மறுத்து நின்றார். நிறுவனம்தான் இறங்கி வந்தது. அப்படித்தான் அந்தத் தொடரில் வலெரி என்ற கறுப்பினப் பாத்திரம் வந்தாள். மர்மத்தை அவிழ்ப்பதிலும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவதிலும் அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரி அவள்தான். அமெரிக்க சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்களில் வாராவாரம் வந்த முதல் கறுப்பினப் பெண் பாத்திரம் என்று அவளைச் சொல்வார்கள். ஒரு ஆள் விட்டுக்கொடுக்காமல் நின்றதால் இது நடந்தது. ஆக, காலத்தின் மேல் பழி போடுவதற்கில்லை.

“ஜப்பானியரைப் போலீஸாகக் காட்டினார்களே” என்பதற்கு ‘தி அமேஸிங் சான் அண்ட் தி சான் கிளான்’ கதையைச் சொல்கிறேன், கணவரிடமும் சொல்லுங்கள். சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் பாத்திரத்துக்கு முன்மாதிரி, ஹொனலுலுவில் நிஜமாகவே துப்பறியும் அதிகாரியாக இருந்த சாங் அப்பானா. நாவலாக அந்தப் பாத்திரம் வந்தது 1925இல். ஹாலிவுட் படங்களில் அந்த வேஷத்தில் பேர் வாங்கியவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். அவருக்குப் பின்னும் வெள்ளை நடிகர்களே. அந்தப் படங்களில் சானின் மூத்த மகனாக நடித்தவர் சீன வம்சாவளியைச் சேர்ந்த கீ லூக். 1972இல் ஹன்னா-பார்பெரா சார்லி சானையும் பத்துப் பிள்ளைகளையும் கார்ட்டூனாக எடுத்தபோதுதான், அவருக்குச் சார்லி சானின் குரலாகும் வாய்ப்புக் கிடைத்தது. சீன வம்சாவளி நடிகர் ஒருவர் அந்தப் பாத்திரத்தை ஏற்றது அதுதான் முதல் தடவை. மகனாக நடித்தவர் தந்தையாக, அதுவும் குரலாக மட்டும் வர, ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது.

அங்கேயும் கதை முடியவில்லை. பிள்ளைகளுக்கு முதலில் ஆசிய வம்சாவளிக் குழந்தைகளைத்தான் பேச வைத்தார்கள். அவர்கள் பேசுவது அமெரிக்கக் குழந்தைகளுக்குப் புரியாது என்று சொல்லிப் பலரை மாற்றி மறுபடி பதிவு செய்தார்கள். ஒரு மகளின் குரல் சிறுமி ஜோடி ஃபாஸ்டருடையது. ஒரு பக்கம் வெள்ளை நடிகர் பென்னி ரூபின் ஜோ ஜிட்ஸுவுக்காக வரவழைத்துக்கொண்ட உச்சரிப்பு நகைச்சுவை என்று விற்றது. இன்னொரு பக்கம் நிஜக் குழந்தைகளின் உச்சரிப்பு விற்காது என்று ஒதுக்கப்பட்டது. திரையில் எத்தனை ஆசிய முகம் என்று எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட எனக்கு முடியாமல் போவது இதனால்தான். யார் வரைந்தது, யார் பேசியது, வழக்கை யார் முடித்தது, சிரிப்பு யார் செலவில் வந்தது என்று அடுத்தடுத்துக் கேட்டாக வேண்டும்.

“நாமே பிரவுன்” என்பது கேடயம் ஆகாது. உங்கள் மகனை யாரோ ‘அப்பு’ என்றபோது அவனுக்கு எங்கே வலித்ததோ, அதே இடத்தில்தான் அந்தப் பையனுக்கும் வலித்திருக்கும். இனவெறியன் என்ற முத்திரையை உங்கள் மகன் மேல் யாரும் குத்த வேண்டியதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அவன். ஆனால் அவன் செய்த காரியம் இன்னொரு பிள்ளையைக் காயப்படுத்தியது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.

டிவிடிக்களை என்ன செய்வது?

தூக்கிப் போடுவது சுலபம். போட்டால், “அம்மா தடுத்த கார்ட்டூன்” என்ற கவர்ச்சி கூடும். யூட்யூபில் தேடினால் துண்டு துண்டாகக் கிடைக்கும். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். தடையில்லாமல் முன்போலவே ஓடவிடுவதும் சரியில்லை, முக்கியமாக ஆறு வயது மகள் இருக்கும் வீட்டில். அந்த வயதுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். அதை 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கவனத்தில் எடுத்துக்கொண்டது.

நான் சொல்வது நடுவழி. ஜோ ஜிட்ஸு, கோமஸ் கதைகளை மகளுக்கு இப்போது வேண்டாம். மகனோடு நீங்களும் கணவரும் உட்கார்ந்து ஒரே ஒரு கதையைப் பாருங்கள். அந்தத் தொடரிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஆபத்து உச்சத்துக்குப் போகும்போது துப்பறிவாளர் “ஹோல்ட் எவ்ரிதிங்!” என்று கத்துவார், எல்லாம் அப்படியே உறைந்து நிற்க, அவர் ரேடியோவில் டிக் ட்ரேசியிடம் பேசுவார். நீங்களும் அங்கே நிறுத்துங்கள். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுச் சண்டைக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். திருடன் பறந்துபோய் விழுவது அப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும். பிறகு படத்தை மறைத்துப் பேச்சை மட்டும் கேட்க வையுங்கள். “இப்ப எதுக்குடா சிரிப்பு வருது?” என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அவன் சொல்லும்வரை காத்திருங்கள்.

எல்லாப் பழைய கார்ட்டூனும் ஒரே நிறமில்லை என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். 1965 முதல் 1969 வரை வந்த ‘தி இன்ஸ்பெக்டர்’ குறும்படங்களில் ஸ்பானிய உச்சரிப்போடு பேசும் சார்ஜென்ட் டூ-டூ வருவார். ‘ஆமாம்’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘ஸீ’ என்று சொல்லாதே, ‘வீ’ என்று பிரெஞ்சில் சொல் என்று இன்ஸ்பெக்டர் அதட்டிக்கொண்டே இருப்பார்; சார்ஜென்ட் அதற்கும் ‘ஸீ’ என்பார். அங்கே அசடாகிறவர் பெரும்பாலும் அதிகாரிதான். மெக்ஸிக எலி ஸ்பீடி கொன்ஸாலஸை 1999இல் கார்ட்டூன் நெட்வொர்க் ஒதுக்கி வைத்தபோது, திருப்பிக் கொண்டுவரச் சொன்னவர்களில் லத்தீன் அமெரிக்க ரசிகர்களே முன்னால் நின்றார்கள். 2002இல் திரும்ப வந்தது. தங்களைக் காட்டும் பாத்திரத்தில் எது அன்பு, எது அவமானம் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் அந்த மக்களே. பள்ளி விஷயத்திலும் அப்படித்தான்: அந்தப் பையன் வலித்தது என்கிறான். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வலித்திருக்காது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

மன்னிப்பும் பள்ளிப் பதிவும்

மன்னிப்பை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். “உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா ஸாரி” என்ற வாக்கியம் மட்டும் வேண்டாம். “நான் உன் முகத்தையும் பேச்சையும் கிண்டல் பண்ணினேன். அது தப்பு. இனிமே பண்ண மாட்டேன்” என்ற அளவு போதும். முன்கூட்டியே ஆசிரியையிடம் கேளுங்கள். அந்தப் பையனுக்கு நேரில் பார்க்க விருப்பமில்லை என்றால் கடிதமாகக் கொடுக்கலாம். உடனே நண்பனாகிவிட வேண்டும் என்று இரண்டு பிள்ளைகளையும் வற்புறுத்த வேண்டாம்.

ஆசிரியை போன் செய்ததைப் பழிவாங்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதிப்படி, மத்திய அரசு நிதி வாங்கும் எந்தப் பள்ளியும் இனம், பூர்வீக நாடு காரணமான தொல்லையைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது. பதிவைப் பற்றி: 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மகனின் கல்விப் பதிவைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, மத்தியச் சட்டம் 45 நாள் அவகாசம் தருகிறது, கலிஃபோர்னியாச் சட்டம் ஐந்து வேலை நாளுக்குள் காட்டச் சொல்கிறது. எழுதியிருப்பது தவறாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். நடந்ததையே எழுதியிருந்தால் அழிக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அவன் மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நான் குழந்தைகள் நல ஆலோசகர்தான். இதற்கு மேல் போனால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மகளுக்கு என்ன காட்டுவது?

2023இல் வந்த ‘வெல்மா’வை வேண்டவே வேண்டாம். மிண்டி கேலிங் குரல் கொடுத்து, வெல்மாவைத் தெற்காசியப் பெண்ணாகக் காட்டிய தொடர். அவருடைய அப்பா தமிழர் என்பதால் நம் வீடுகளில் ஆவலோடு தேடுகிறார்கள். ஆனால் அது பெரியவர்களுக்காக எடுத்தது. ரத்தமும் பாலியல் பேச்சும் உள்ளது. ஆறு வயதுக்கு மட்டுமில்லை, ஒன்பது வயதுக்கும் ஆகாது.

அதற்குப் பதில் ‘ஜோசி’யில் வலெரியைக் காட்டுங்கள், ‘இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்’டில் பென்னியைக் காட்டுங்கள். மாமா தடுமாறிக்கொண்டிருக்க, புத்தகம் போன்ற கணினியை வைத்துக்கொண்டு வழக்கை முடிப்பவள் சிறுமி பென்னிதான். பாராட்டு மட்டும் மாமாவுக்குப் போகும். திரையில் அவள் பொன்னிறத் தலைமுடிக்காரி. முதல் பருவத்தின் பெரும்பாலான கதைகளில் அவளுக்குக் குரல் கொடுத்தவர், அப்போது பதின்ம வயதில் இருந்த கறுப்பினக் கனடியப் பெண் கிரீ சம்மர். இதையும் மகளிடம் சொல்லுங்கள். “என்னை மாதிரி யாருமே இல்லையே” என்று அவள் கேட்டதற்கு, “ஆமாம்மா, இதுல இல்ல” என்று நேராகவே சொல்லலாம். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, அவளைப் போலவே ஒரு துப்பறிவாளரை வரையச் சொல்லுங்கள். அந்தத் துப்பறிவாளர் எதில் தடுக்கி விழ வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இனி உங்கள் கணவரின் நியாயமான பாதி. மகனை ‘அப்பு’ என்று கேலி செய்தபோது பள்ளி ஒன்றும் செய்யவில்லை என்கிறார். ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரில் அப்புவுக்குப் பல வருஷம் குரல் கொடுத்த ஹேங்க் அஸாரியாவே, அந்தக் குரலால் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பட்ட பாட்டைக் கேட்டபின், 2020இல் இனி பேச மாட்டேன் என்று விலகிக்கொண்டார். ஆகவே உங்கள் மகன் பட்டதும் சின்ன விஷயமில்லை, அதே சிவில் உரிமைகள் சட்டம் அவனுக்கும் பொருந்தும். ஆனால் அதை இந்தச் சம்பவத்துக்குப் பதிலடியாகச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். முதலில் மகன் மன்னிப்புக் கேட்டு முடிக்கட்டும். ஒரு வாரம் கழித்து நீங்களும் கணவரும் சேர்ந்து கையெழுத்திட்டு முதல்வருக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். என்றைக்கு, எந்த இடத்தில், யார் முன்னால், என்ன சொன்னார்கள் என்பதை மகனிடம் கேட்டு அப்படியே எழுதுங்கள். எழுத்தில் பதில் வேண்டும் என்று கேளுங்கள், ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.